எழுத்து கற்ற பிள்ளைகள் சூளைக்குத் திரும்பக் கூடாது

(பலமனேரில், எழுத்தறிவு வகுப்பை நிறைவு செய்த குழந்தைகளைப் பாராட்டி நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



சற்று முன்னர் இங்கு வாசித்த சிறுமி, தன் பாடம் முடிந்ததும் மேடையை விட்டு இறங்கிவிடவில்லை. பின்னால் கட்டியிருக்கும் பதாகையையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டே இறங்கினாள். நாம் அனைவரும் கைதட்டினோம். அவளுக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. எழுத்து இருந்தது, படித்தாள், அவ்வளவே.

வீட்டில் தெலுங்கும் தமிழும் உருதும் பேசுகின்ற பிள்ளைகள் இவர்கள். யானாதி குடும்பங்களிலிருந்தும் தலித் குடியிருப்புகளிலிருந்தும் வந்தவர்கள். செங்கல் சூளையிலும் தக்காளித் தோட்டத்திலும் பெற்றோருடன் நின்றவர்கள். 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஒன்றுபட்ட ஆந்திரத்தின் எழுத்தறிவு 67 சதவீதம். பழங்குடி மக்களிடையே அது 49 சதவீதம் மட்டுமே. இந்த இடைவெளி பிள்ளைகளின் மூளையில் இல்லை. நிலமின்மையிலும், முன்பணக் கடனிலும், சூளை தேடி ஊர் ஊராக இடம்பெயரும் வாழ்க்கையிலும் இருக்கிறது.

எழுத்தறிவு என்ன செய்யும் என்பதை அறிய நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி வகுப்புகள் நடந்தன. பாடநூலில் சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தின் கதை ஒன்று இருந்தது. அது தங்கள் கதையே என்று பெண்கள் பேசத் தொடங்கினர். தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடச் செய்தனர். தீ பரவியது, 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. பெயரெழுதக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று எண்ணியிருந்தவர்கள் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்!

ஆயினும் ஒரு கசப்பைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய விழாக்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். சான்றிதழும் புகைப்படமும் முடிந்த பின், அடுத்த பருவத்தில் அதே பிள்ளைகளைச் சூளையில் பார்த்ததும் உண்டு. வகுப்பு முடிந்தது, பள்ளி தொடங்கவில்லை. அந்தத் தவற்றில் நமக்கும் பங்குண்டு.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவைப் பெற்றோர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இதுவரை பள்ளி செல்லாத பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு ஈடாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பதினான்கு வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை கட்டணமில்லை. வயதுச் சான்று இல்லை என்று கூறிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்கிறது 14 ஆம் பிரிவு. பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் அமரச் சொன்னால், அவமானம் தாங்காமல் அது மறுநாளே ஆடு மேய்க்கப் போய்விடும். சட்டம் இதை உணர்ந்திருக்கிறது, அலுவலகங்கள் உணர்வதில்லை.

சட்டம் தந்ததை ஆட்சியாளர்கள் மறுபக்கமாகப் பறிக்கிறார்கள். குடும்பத் தொழில் என்ற பெயரில், பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளைகள் உழைக்கலாம் என்று ஒன்றிய அரசு 2016 இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. கூலி துண்டுக்கணக்கில் தரப்படும் சூளையில் குடும்பம் எது, முதலாளி யார்? 2022 இல் மாநில அரசின் 117 ஆம் எண் அரசாணை 3, 4, 5 ஆம் வகுப்புகளை உயர்நிலைப் பள்ளிகளுக்கு நகர்த்த வழிசெய்தது. குக்கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போனால் முதலில் நிறுத்தப்படுபவள் பெண்பிள்ளை.

ஆகவே பெற்றோர்கள் கூட்டம் முடிந்ததும் கலைந்துவிட வேண்டாம். வாயிலருகே நம் தோழர்கள் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பார்கள். பிள்ளையின் பெயர், வயது, அருகிலுள்ள பள்ளி, அடுத்த பருவத்தில் எந்த ஊர்ச் சூளைக்குப் போவதாக இருக்கிறீர்கள் என்பது வரை சொல்லுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் அந்தப் பட்டியலோடு நாங்களும் உங்களுடன் வருகிறோம். நோட்டுப் புத்தகங்களும் அங்கேயே வழங்கப்படும். பதாகையைப் படித்த அந்தச் சிறுமி முதலில் வரட்டும்.