பிறந்த நாளும் பதிந்த நாளும்

(ஒரகடம் அருகே ஒரு சேரியில் ஏப்ரல் 14 மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். சிலையைச் சுற்றியிருக்கிற இரும்புக் கூண்டின் பூட்டைத் திறந்து, கழுவி, நீல வண்ணம் அடித்து, மாலை போட்டாச்சு. பறை அடித்தார்கள். சாயங்காலம் டி.ஜே. வந்தது. பெரிய கேக் வெட்டினார்கள். கேக் மேலே க்ரீமில் பாபாசாகேப் முகம். கத்தி வைக்கும்போது ஒரு பையன் தயங்கினான். முகத்தை விட்டுட்டு ஓரமா வெட்டுடான்னு ஒரு பெரியம்மா சொல்லிச்சி.

சத்தம் போடுறானுங்க, ஆடுறானுங்கன்னு நம்ம ஆட்களே சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு கிடையாது. நம்ம தாத்தா காலத்தில் ஊர்த்தெரு வழியா செருப்புப் போட்டு நடக்க முடியாது. நம்ம வீட்டுப் பிணத்தைத் தூக்கிப்போகவே தனிப் பாதை. அந்தத் தெருவில் வருசத்துல ஒரு நாள் நம்ம பிள்ளைங்க நடுரோட்டில் நின்னு ஆடுறான் என்றால் அது கூத்து இல்லை, அரசியல். அதைக் குறை சொல்லிவிட்டு அறிவுரை ஆரம்பிக்கிற ஆள் நானில்லை. நான் கேட்க வந்தது வேறு. இந்த ஒரு நாளிலிருந்து நாம் வீட்டுக்கு என்ன எடுத்துப் போகிறோம்?

இந்தப் பிறந்தநாளை முதலில் பொதுவில் கொண்டாடியவர் ஜனார்தன் சதாசிவ் ரணபிசே என்று சொல்கிறார்கள். 1928 ஏப்ரல் 14, புனே. மகாத் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. பாபாசாகேப்புக்கு அப்போது வயது 37. இன்றைக்கு அரசாங்கமே கொண்டாடுகிறது. நூற்றாண்டை ஒட்டி 1990இல் பாரத ரத்னா கொடுத்தார்கள். 2016இல் 125ஆவது பிறந்தநாளை ஐக்கிய நாடுகள் சபையில் கொண்டாடினார்கள். 2022லிருந்து தமிழ்நாட்டில் ஏப்ரல் 14 சமத்துவ நாள், ஆபீசுக்கு ஆபீசு உறுதிமொழி.

ஆனால் கொண்டாடப்பட்டவருக்கு இது பிடித்ததா? பிடிக்கவில்லை. அவருடைய 55ஆவது பிறந்தநாளை ஒட்டி, சென்னையிலிருந்து வெளிவந்த ‘ஜெய்பீம்’ இதழ் வாழ்த்துச் செய்தி கேட்டது. நம்ம சென்னைக்கு அவர் அனுப்பிய பதில் அது. மற்ற நாடுகளில் தீர்க்கதரிசிகளுக்குப் பிறந்தநாள் எடுக்கிறார்கள், இந்தியாவில்தான் அரசியல் தலைவரையும் அந்த இடத்தில் உட்கார வைக்கிறார்கள், ஜனநாயகவாதியான எனக்கு இதில் விருப்பமில்லை என்று எழுதினார். தலைவர் தகுதியானவராக இருந்தால் அன்பும் மரியாதையும் போதும். வழிபாடு தலைவரையும் கெடுக்கும், தொண்டரையும் கெடுக்கும் என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. கிரேக்கக் கதை ஒன்று சொன்னார். தெமித்தர் என்கிற தெய்வம் வேசம் மாற்றிக்கொண்டு பூமிக்கு வந்து, ஒரு ராணி வீட்டில் பிள்ளை வளர்க்கிற ஆயாவாக வேலைக்குச் சேருது. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு குழந்தையை எடுத்துத் தணல் மேல் போடும். குழந்தை வேகாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு தாங்கி, சாவில்லாத பிறவியாக வளரும். ஒரு நாள் பெற்றவள் பார்த்துவிட்டு, அலறிக்கொண்டு பிள்ளையை வாரி எடுத்துவிட்டாள். பிள்ளை கிடைத்தது. ஆனால் அது ஆகியிருக்க வேண்டியது ஆகாமல் போனது. போராட்டமும் தியாகமும்தான் அந்த நெருப்பு என்று நமக்குச் சொல்லி முடித்தார். பிறந்தநாளுக்கு வாழ்த்துக் கேட்டவனுக்கு அவர் கொடுத்தது தணல்.

சரி, பிறந்தநாள் என்று ஒன்று யாருக்கு இருந்தது?

பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர். ராமானுசர் பிறந்த ஊர். 2017 சித்திரையில் அவருக்கு ஆயிரமாவது ஆண்டு விழா. சித்திரைத் திருவாதிரை என்று மாதம், நட்சத்திரம் எல்லாம் துல்லியமா வச்சிருக்காங்க. அவர் நம்மைத் திருக்குலத்தார் என்று அழைத்ததாக வைணவ மரபு சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திருக்குலத்தார் என்று பெயர் வாங்கிய அந்தக் குடும்பங்களில் ஒரு ஆணுக்கு, ஒரு பெண்ணுக்கு, பிறந்த நட்சத்திரம் எங்கேயாவது எழுதி வச்சிருக்கா? ஆயிரம் வருசத்துக்கு முந்தினது வேண்டாம். இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாமார்களைக் கேட்கிறேன். உங்க ஆதார் கார்டில் பிறந்த தேதி என்ன? பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணாம் தேதி. பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஜூன் மாசம். வாத்தியார் பார்த்து எழுதினது. ஒரு சேரி முழுக்க ஒரே நாளில் பிறந்திருக்கோம்!

எங்க அம்மாவுக்கும் ஜனவரி ஒண்ணுதான். கேட்டால், “ஏரி ஒடைஞ்ச வருசம் நான் கைக்குழந்தைன்னு ஆயா சொல்லும், அவ்ளோதாண்டா எனுக்குத் தெரியும்” என்கும். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அறுபது ஆகியிருந்தது. கொண்டாடலாம் என்றேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நைனா இருந்திருந்தா திருக்கடையூர் போய் அறுபதாம் கல்யாணம் பண்ணலாம், தாலி அறுத்தவளுக்கு ஏதுடா அறுபது? பாருங்க, பார்ப்பனியம் போட்டு வச்ச கணக்கு. ஆம்பளைக்கு அறுபது ஆனால்தான் விழா. பொம்பளைக்கு வயசு புருசனோட முடிஞ்சிடுது.

நாங்க திருக்கடையூர் போகவில்லை. அறுபது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். வருசத்துக்கு ஒரு பக்கம். பேரப்பிள்ளைகள் அஞ்சு பேர். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஆயாகிட்ட உட்கார்ந்து, கேட்டு எழுதணும். வருசம் அதுக்குத் தெரியாது. மாடு மேய்க்கப் போன வருசம், ரெண்டாம் கிளாசோட நிறுத்தின வருசம், சூளைக்குப் போன வருசம், மூணு மரக்கால் நெல்லுக்கு அறுப்பு அறுத்த வருசம், தெருவுக்குக் கரண்ட்டு வந்த வருசம் என்று சொல்லும். பிள்ளைகள் அதை அடுக்கி வச்சாங்க. அஞ்சு மாசம் ஆச்சு. கேக் வெட்டியிருந்தா அஞ்சு நிமிசம்.

இது புது வழி இல்லை. இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன், எண்பதை ஒட்டிய வயதில், 1939இல், தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை அச்சில் கொண்டுவந்தார். வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணலோடு போனவர். தன் வாழ்க்கையை எழுதிப் பதிவு செய்தவர். அவர் செய்ததைத்தான் எங்க வீட்டில் நோட்டு போட்டுச் செய்தோம்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் வந்தது. அம்மா சொல்லுச்சி: “அந்த ஏரிக்குக் கெழக்கால கழனி இருக்கே, அது எங்க தாத்தா வாங்கினது இல்ல. அவுரு அப்பா காலத்துல வெள்ளக்காரன் நம்ம சனத்துக்குக் குட்த்தது. கடனுக்குப் பேரேழுதி வாங்கிக்கினாங்க.” பேத்தி அப்படியே எழுதிவிட்டது. எழுதினதைப் படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தோழர்களே, 1891ஆம் வருசத்தை மறக்காதீங்க. ஏப்ரலில் மாவ் ராணுவக் குடியிருப்பில் பாபாசாகேப் பிறக்கிறார். அதே வருசம் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர், நம்ம மக்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று அரசுக்கு அறிக்கை கொடுக்கிறார். நிலம் இல்லை, குடியிருக்கிற மனையும் அடுத்தவனது, எதிர்த்துப் பேசினால் துரத்தப்படுவான் என்று எழுதுகிறார். 1892இல் உத்தரவு வருகிறது. அதிலிருந்து வந்ததுதான் பஞ்சமி நிலம். முதல் பத்து வருசம் விற்கக் கூடாது. அதற்கப்புறமும் ஒடுக்கப்பட்டவருக்குத் தவிர மற்றவருக்கு விற்கக் கூடாது. மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதைத் திருப்பிக் கேட்டு காரணையில் மக்கள் எழுந்தார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அவர்கள் இறந்த நாளை நாம் மறக்கவில்லை. அவர்கள் எதற்காகச் செத்தார்களோ அந்த நிலத்தின் சர்வே எண் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாங்கள் தாலுகா ஆபீசில் ‘அ’ பதிவேட்டு நகல் கேட்டு மனுப் போட்டோம். கிடைத்தது. நிபந்தனை நிலம் என்று குறிப்பு இருக்கு. மனு போயிருக்கு, விசாரணை நடக்கும் என்கிறார்கள். ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனிக்கு அடிக்கல் போட்டதிலிருந்து இந்தப் பக்கம் மண்ணுக்கு என்ன விலை ஏறியிருக்கு என்று உங்களுக்கே தெரியும். லேசில் விடமாட்டார்கள். ஆனால் ஒரு கிழவியின் அறுபதாம் பிறந்தநாள் ஒரு சர்வே எண்ணில் போய் நின்றதை நான் பார்த்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த நோட்டை ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் போட்டு வச்சிருக்கு.

இப்போ கம்பெனிக்கு வருவோம். நான் வேலை செஞ்ச ஒரு கம்பெனியில் மாசக் கடைசியில் கேன்டீனில் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். அந்த மாசம் பிறந்தவர்கள் பேரெல்லாம் போர்டில் வரும். பர்மனென்ட் ஆட்கள் பேர் மட்டும். காண்ட்ராக்ட் பையன் மேசையைத் துடைச்சிட்டு நிப்பான். அவனுக்குக் கேக் இல்லை என்பது பெரிய விசயம் இல்லை. அவனுக்குக் கம்பெனியில் ஒரு வயசு ஆகவே விடுவதில்லை, அதுதான் விசயம். பதினோரு மாசத்தில் கணக்கு முடித்து, வேறு காண்ட்ராக்டர் பேரில் புது ஐ.டி. கார்டு. அதே லைன், அதே மிசின், மறுபடி முதல் நாள். பத்து வருசம் உழைச்சவன் கணக்கில் இன்னும் கைக்குழந்தை.

1981இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். 24 மாசத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று. இந்த 480 என்கிற எண் தெரியாமலேயே நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் லைனில் நிற்கிறார்கள்! அதனால் எங்க பக்கத்து ஹாஸ்டல் பெண்கள் ஒன்று செய்தார்கள். ஒரு தங்கச்சிக்கு 480ஆவது நாள் வந்தது. சம்பளச் சீட்டையெல்லாம் சேர்த்து எண்ணி வச்சிருந்தது. அன்றைக்கு ஷிஃப்ட் முடித்து வந்து மொட்டை மாடியில் கோலம் போட்டார்கள். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு வைத்தால் 484 புள்ளி. நாலு மூலையில் நாலு புள்ளியை விட்டுவிட்டார்கள். சரியா 480. டீக்கடை பன்னும் டீயும்தான் விருந்து. சம்பளச் சீட்டு மொத்தத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து, ஒரு செட் அந்தப் பெண்ணுக்கு, ஒரு செட் தோழிகளிடம். பிறந்தநாள் பரிசு அது. இன்னும் நிரந்தரம் வரவில்லை. ஆனால் அந்த மாடியில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் இப்போ அவரவர் நாள் கணக்குத் தெரியும்.

சங்கத்துக்கும் இதே கதைதான். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வெளியே நின்றார்கள். சம்பளக் கோரிக்கை இருந்தது. ஆனால் முக்கியமான கேள்வி, எங்க சங்கத்தைப் பதிவு செய்வாயா மாட்டாயா என்பது. 2025 ஜனவரியில்தான் பதிவானது. ஆட்கள் இருக்கிறார்கள், கூடிவிட்டார்கள், கொடி இருக்கு. பதிவு மட்டும் இல்லை. பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் தர மாட்டேன் என்பது போல.

அப்போ நம்ம பிறந்தநாள்களை எப்படிக் கொண்டாடுவது? ஆடுங்க, பாடுங்க, அதை நிறுத்த வேண்டாம். கூடவே, வீட்டில் அறுபது ஆன அம்மாவோ அப்பாவோ இருந்தால் அவர்களைக் கேட்டு எழுதுங்க. பதினெட்டு ஆன பிள்ளைக்கு செல்போன் வாங்கிக் கொடுக்கிற அன்றைக்கே சாதிச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பேரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்க. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு 480ஆவது நாளைக் காலண்டரில் குறித்துக் கொடுங்க. ஏப்ரல் 14 அன்று சிலையின் காலடியில் அண்ணலின் எழுத்திலிருந்து பத்துப் பக்கம் சத்தமாகப் படியுங்க. படிக்கத் தெரியாதவர்கள் கேட்கட்டும். அவர் விரும்பாத வழிபாட்டை விட்டு, அவர் அனுப்பிய தணலை எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் சுடும்தான். பெற்றவர்கள் பயந்து வாரி எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

மேசை மேல் இருபது நோட்டு வச்சிருக்கேன். அறுபது பக்கம். விலை கிடையாது. எடுத்துப் போகிறவர்கள் முதல் பக்கத்தில் யாரைப் பற்றி எழுதப் போகிறீர்களோ அவர்கள் பேரை இங்கேயே எழுதிவிட்டுப் போங்க. அடுத்த ஏப்ரல் 14க்கு அந்த நோட்டோடு வாங்க, படிப்போம்.

ஜெய்பீம்.