அயலார் வாங்கும் நிழற்படம்

விடுமுறை நாளொன்றில் எடுத்த நிழற்படத்தை வீட்டார் பார்க்கும்பொழுது அதிற் குறை எதுவும் தென்படுவதில்லை. படத்திலுள்ள குழந்தை தம் குழந்தை. பின்னால் விரிந்திருப்பது தாம் குளித்த கடல். படம் சொல்லாத பாதியை நினைவு சொல்லிவிடும். ஆனால், முன்பின் அறியாத ஒருவர் அதே படத்தை விலைகொடுத்து வாங்குவாரா?

பத்திரிகைகளுக்கும் விளம்பரக்காரருக்கும் பயன்படும் படங்களைச் சேர்த்துவைத்து, அவற்றைப் பயன்படுத்தும் உரிமையை விற்கும் நிறுவனங்கள் நெடுங்காலமாக உள்ளன. 2000ஆம் ஆண்டிற் கனடாவின் கல்கரி நகரில் ஐஸ்டொக்போட்டோவும், 2003இல் நியூயோர்க்கில் ஷட்டர்ஸ்டொக்கும் தோன்றிய பின்னர், பொழுதுபோக்காகப் படம் எடுப்போருக்கும் அந்த வாசல் திறந்தது. வாசலிற் காவலும் உண்டு, நேயர்களே. அனுப்பப்படும் படங்கள் பரிசோதிக்கப்பட்ட பின்னரே ஏற்கப்படுகின்றன.

ஷட்டர்ஸ்டொக் கேட்கும் மிகக் குறைந்த அளவு 40 இலட்சம் புள்ளிகள். இன்றைய கைத்தொலைபேசிகள் அதனை எளிதில் தருகின்றன. ஆகவே, பலர் இடறுவது அளவில் அன்று.

படத்தை நூறு வீத அளவிற் பார்த்தல் வேண்டும். அதாவது, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளியாகத் தெரிதல் வேண்டும். சிறு திரையிற் கூர்மையாகத் தோன்றிய கண்ணிமை அங்கே கலங்கித் தெரியும். நிழல் விழுந்த இடங்களில் மணலைத் தூவியதுபோன்ற புள்ளிகள் காணப்படும். மங்கிய வெளிச்சத்திற் கமராவின் உணர்திறனை 3200 வரை உயர்த்துவதால் நேரும் குறை அது. உணர்திறனை உயர்த்துவதனாற் கூடுதல் ஒளி வந்துவிடுவதில்லை; கிடைத்த சிறிதளவு ஒளியே பெருக்கிக் காட்டப்படுகின்றது, அதனுடன் குறையும் பெருகுகின்றது. கமராவை முக்காலியில் நிறுத்தி, உணர்திறனை 100இல் வைத்து, ஒளி புகும் நேரத்தை நீட்டினால், அசையாப் பொருள்களைப் பொறுத்தமட்டில் இத்தொல்லை பெரிதும் நீங்கும். கையிற் பிடித்து எடுப்போருக்குப் பழைய கணக்கொன்று உண்டு: வில்லையின் குவியத்தூரம் 50 மில்லிமீற்றர் ஆயின், நேரம் 1/50 செக்கனுக்கு மேற்படலாகாது. ஓடும் குழந்தைக்கோ அதனினும் மிகக் குறுகிய நேரம் வேண்டும்.

பின்னர் கணினியிற் கூர்மையேற்றிச் சமாளிக்கலாம் என எண்ணுவோர் உளர். அளவு மீறினால், அது பொருளின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு இட்டுவிடும். சாய்ந்த கடல்வானத்தை நேராக்கலாம். வானிற் படிந்த தூசியை அழிக்கலாம். குவியம் தவறிய படத்தை மட்டும் மீண்டும் எடுப்பதே சிக்கனம்.

படம் மாசற்றிருந்தாலும் உரிமை குறுக்கிடலாம். சட்டையிலுள்ள வர்த்தகச் சின்னம் ஒன்றே படத்தைத் திருப்பியனுப்பப் போதும். பரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தின் பகற்படத்துக்குத் தடையில்லை. 1985இல் அமைக்கப்பட்ட அதன் இரவு ஒளியலங்காரமோ தனிக் கலைப்படைப்பாகக் கொள்ளப்படுவதால், அப்படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி பெறல் வேண்டும்.

கோபுரத்துக்கே இவ்வாறாயின், மனிதருக்கு எவ்வளவு வேண்டும்! வலை இழுக்கும் மீனவர் ஒருவரின் முகம், அவர் வாயில் வைத்தறியாத பானமொன்றின் விளம்பரத்திலே தோன்றக்கூடும். அதனை அவருக்கு விளங்கும் மொழியில் முன்னரே எடுத்துச் சொல்லி, எழுத்துமூலச் சம்மதம் பெறல் வேண்டும். குழந்தையாயின், பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்பமிடல் வேண்டும். செய்திப் பயன்பாட்டுக்கென மட்டும் விற்கப்படும் படங்களுக்கு இவ்வொப்பம் பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. ஆனால், அவற்றை விளம்பரத்திற் சேர்க்க இயலாது.