இளம்பாலர்க்கு இல்லத்தில் வேண்டும் கல்விக் கருவிகள்

(நம் சங்க மண்டபத்தில் மாதர் கூட்டத்தின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



மூன்றாண்டு நிரம்பிப் பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளுக்கு இல்லத்திலேயே முதற்கல்வி புகட்டுதற்கு எவ்வெப் பொருள்களைத் தேர்ந்து கொள்ளல் வேண்டும் என்னும் விஷயத்தைக் குறித்துச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கம்பர் கவிநயத்தையோ சிலம்பின் சுவையையோ பேசப் பணித்திருப்பின் எமக்கு எளிதாயிருந்திருக்கும். ஆயினும் இவ்விஷயம் அவற்றினும் சிறியதன்று. என்னை? கல்வியாகிய மாடத்திற்குரிய முதற்படி இவ்வயதிலேயே இடப்படுகின்றது. முதற்படி கோணின் மேற்படிகள் யாவும் கோணும்.

இக்காலத்து நம்மவர் வீடுகளில் நிகழ்வதை முதற்கண் நோக்குவோம். கல்விப் பெட்டி விற்கும் முகவர் வாயிலில் வந்து நிற்கின்றார். "இதனை வாங்கினால் உங்கள் குழந்தை நான்கு வயதிலேயே ஆங்கிலம் சரளமாக வாசிக்கும்" என்கின்றார். கடையில் நாள் முழுதும் நின்று பொருளீட்டும் தந்தையும், தம் பிள்ளையேனும் நன்கு கற்கட்டும் என்னும் ஆசையால் மாதத் தவணைக்கு இசைந்து கையொப்பமிடுகின்றார். பெட்டியினுள் வழுவழுப்பான அட்டைகளும், பொத்தானை அமுக்கினாற் பாடும் பொம்மையும், தடித்த பயிற்சி ஏடுகளும் இருக்கின்றன. பத்து நாட் கழிந்தபின் பெட்டி பரண்மேல் ஏறுகின்றது. தவணையோ ஈராண்டு கழிந்தும் இறங்குவதில்லை.

இஃதேன் என வினவின், தாய்மார் பலர் எமக்குக் கூறும் விடை ஒன்றே: "ஐயா, நாங்கள் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தோம். எங்களுக்கு என்ன தெரியும்? அதனால்தான் வாங்கினோம்." இவ்விடையே எமக்குப் பெருந்துயர் விளைப்பது. பணம் போயின் மீண்டும் ஈட்டலாம். தன் குழந்தைக்குத் தானே முதலாசிரியை என்னும் துணிவைத் தாய் இழப்பாளாயின், அதனை எக்கடையில் வாங்குவது? ஆகலின், நாம் இன்று கொள்ளத்தக்க அளவுகோல் ஒன்றினைக் கூறுவோம். எப்பொருள் குழந்தையின் செவிக்கும் நாவுக்கும் கைக்கும் வேலை கொடுக்கின்றதோ அதுவே கல்விக் கருவி. குழந்தையைச் சும்மா இருக்கச் செய்து தானே ஆடியும் பாடியும் நிற்பது எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் வெறும் வேடிக்கைப் பொருளே.

இவ்வளவுகோல் எமது கற்பனையன்று. ஜெர்மனி தேசத்துப் பிரோபெல் என்பார் (1782–1852) தம் பாலர் கூடத்திற்கு 1840-ஆம் ஆண்டில் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். 'குழந்தைத் தோட்டம்' என்பது அதன் பொருள். அவர் குழந்தைகளின் கையில் முதலிற் கொடுத்தவை கம்பளி நூலாலாகிய ஆறு பந்துகள். அடுத்து மரத்தாலாகிய உருண்டை, உருளை, கனசதுரம் என்னும் மூன்று. அதன்பின் எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரக் கட்டை. இத்தாலி தேசத்து மாண்டிசோரி அம்மையார் (1870–1952) மருத்துவம் பயின்றவர். 1907-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் தம் முதற் குழந்தை இல்லத்தைத் திறந்தார். 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்க்கும் பயிற்சி அளித்தார். இவ்விருவர் கருவிகளும் குழந்தை தொட்டு, எடுத்து, அடுக்கி, கலைத்து, மீண்டும் அடுக்குதற்குரியவை. தாமே பேசும் கருவி அவற்றுள் ஒன்றுமில்லை.

இனி, கருவிகளைச் செவிக்குரியன, கைக்குரியன, எண்ணுக்குரியன, கண்ணுக்குரியன என நால்வகையாக வகுத்துக் காண்போம்.

முதலாவது, செவிக்குரியன. எழுத்தின் வடிவத்திற்கு முன் ஒலி பிறக்கின்றது. ஒலி வேறுபாட்டைச் செவியில் உணராத குழந்தைக்கு வடிவ வேறுபாடு வெறுங் கோடாகவே தோன்றும். லகர, ளகர, ழகரங்களையும், ரகர, றகரங்களையும் பெரிய வகுப்பு மாணவர் மாற்றி எழுதுதலை யாம் நாள்தோறும் திருத்துகின்றோம். அப்பிழையின் வேர் பெரும்பாலும் இளமையிற் பழகாத செவியில் உள்ளது. இதற்கு மருந்து மலிவானது. பழைய அட்டைப் பெட்டியைச் சதுரமாக வெட்டி, ஒன்றிற் புலியையும் மற்றொன்றிற் புளியையும் வரைக. இவ்வாறே பல்லியும் பள்ளியும், படமும் பாடமும், கொடுத்தலும் கோடும் எனப் பத்து இணைகள் செய்க. தாய் சொல்ல, குழந்தை உரிய அட்டையை எடுக்கட்டும்; பின்னர்க் குழந்தை சொல்ல, தாய் எடுக்கட்டும். தாய் வேண்டுமென்றே தவறி எடுப்பாளாயின் குழந்தை கைகொட்டிச் சிரித்துத் திருத்தும். அச்சிரிப்பினிடையே தொல்காப்பியம் பிறப்பியலிற் கூறும் ஒலி நுட்பத்தில் ஒரு பகுதி அதன் செவியில் ஏறிவிடும்.

பாட்டியின் கதையும், தாத்தாவின் விடுகதையும் இவ்வகையின் தலையாய கருவிகள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954), அழ. வள்ளியப்பா (1922–1989) முதலியோர் குழந்தைகட்கென இயற்றிய பாடல்களையும் நாள்தோறும் இரண்டொன்று பாடுக. அகர வரிசையில் அமைந்த ஆத்திசூடியை இப்போது பாட்டாகவே பழக்குக. பொருள் விளக்கம் பின்னர்த் தானே வரும். ஆங்கிலப் பாட்டொன்றைச் சேர்த்துப் பாடுவதாற் கேடில்லை. தாய் தனக்கு வாராத மொழியில் அரைகுறையாகப் பேசித் தன் வளமான பேச்சைக் குழந்தைக்கு மறுப்பதே கேடு.

இரண்டாவது, கைக்குரியன. குழந்தையின் விரல் எழுதுகோலுக்கு இணங்குதற்கு ஒரு காலமுண்டு. ஏறத்தாழ மூன்று வயதில் வட்டத்தையும், நான்கில் கூட்டற்குறி போன்ற குறுக்குக் கோட்டையும், ஐந்தை ஒட்டிச் சதுரத்தையும், அதன்பின் முக்கோணத்தையும் பார்த்து வரைதல் பெரும்பாலான குழந்தைகட்கு இயல்பு. இவ்வாறிருக்க, மூன்று வயதுக் குழந்தையின் கையிற் பென்சிலைத் திணித்து, சுழியும் வளைவும் நேர்கோடும் கூடிய அகரத்தை ஒரு பக்கம் நிரப்புக எனல் எவ்வாறு பொருந்தும்? குழந்தை அழுகின்றது, தாய் அதட்டுகின்றாள், எழுத்தென்றாலே அச்சம் என்பது அன்றே நெஞ்சிற் பதிகின்றது. அவ்வச்சம் பத்தாம் வகுப்பு வரை உடன்வருதலை யாம் கண்கூடாகக் காண்கின்றோம்.

ஆகலின், மாவு பிசைதல், பூத்தொடுத்தல், பயறு பொறுக்குதல், மணி கோத்தல், கோலப்புள்ளி வைத்தல் என்னும் இவற்றால் விரல் முன்னர் வலுப்பெறுக. பின்னர் ஒரு தாம்பாளத்தில் மணலையோ அரிசியையோ பரப்பி விரலால் எழுதப் பழக்குக. இதனைப் பழமையென்று எள்ள வேண்டா. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் கையாண்டு, 1797-ஆம் ஆண்டில் அதுகுறித்து இலண்டனில் நூலொன்றும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அஃது இங்கிலாந்திற் பரவியது. நம் திண்ணைப் பள்ளியின் மணல் கடல் கடந்து மதிப்புற்றது. நாமோ அதனை மறந்தோம். மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளால் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தை விரலால் தடவி உணருமாறு செய்தார். உப்புத்தாள் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். கத்தரிக்கோலும் பசையும் வீட்டில் உள்ளன. ஓரிரவில் தந்தையார் பத்து எழுத்துக்கள் செய்துவிடலாம்.

எவ்வெழுத்தை முதலில் எழுதுவிப்பது? டகரம் இரண்டே கோடு; பகரம் மூன்றே கோடு; மகரம் அவற்றினும் சிறிதே கடினம். இம்மூன்றோடு ஒரு புள்ளியும் கற்ற குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்களைத் தானே வாசிக்கும். அன்று அதன் முகத்தில் தோன்றும் பெருமிதத்திற்கு விலை கூற எவராலும் இயலாது. "நெடுங்கணக்கு வரிசையைக் குலைக்கலாமோ?" எனப் பெரியோர் சிலர் கடாவக்கூடும். நம் மெய்யெழுத்து வரிசையிற் ககரம் அடிநாவிலும், சகரம் இடைநாவிலும், டகரம் நுனிநாவிலும், தகரம் பல்லிடத்தும், பகரம் இதழிலும் பிறத்தலை நோக்குக. உள்ளிருந்து வெளியே வரும் அவ்வரிசை நாவுக்கென அமைந்த அரிய வரிசை. அதனை நாவாற் பாடுக. கைக்கு எளிய வரிசையிற் கையால் எழுதுக. விஜயதசமியன்று அரிசியில் அகரத்தை எழுதுவித்து ஆசி பெறுக. மறுநாள் முதல் டகரத்திற் பயிற்சி தொடங்குக. இரண்டிற்கும் முரணில்லை.

மூன்றாவது, எண்ணுக்குரியன. ஒன்று முதல் நூறு வரை ஒப்பித்தல் எண்ணறிவு ஆகாது. நூறு வரை ஒப்பிக்கும் குழந்தையிடம் ஐந்து புளியங்கொட்டை எடுத்துத் தருமாறு கேட்டுப் பாருங்கள், கை திகைக்கும். இருவரிசையில் ஏழேழு குழிகளுள்ள பல்லாங்குழிப் பலகையும் சோழியும், தாயமும், அம்பாசமுத்திரத்து மரச்செப்பும் போதிய எண் கருவிகளே. பழைய அளவைப் பாத்திரங்கள் வீட்டிலிருப்பின் எடுத்து வைத்துக்கொள்க. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆகவே எட்டு ஆழாக்கு ஒரு படியாம். பிரோபெல் கட்டையை எட்டாகப் பிரித்துக் காட்டிய அதே பாகக் கணக்கை, நம் குழந்தை அரிசிப் பானை அருகில் அமர்ந்து அளந்தே கற்றுவிடும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: மூன்று வயதிற்குட்பட்ட மகவு வீட்டிலிருப்பின் கொட்டையும் சோழியும் மணியும் அதன் கைக்கு எட்டலாகாது; வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்ளும். பொம்மை வாங்குங்கால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டோ எனக் காண்க. 2021 ஜனவரி முதல் அம்முத்திரை நம் நாட்டிற் கட்டாயமாக்கப்பட்டது.

நான்காவது, கண்ணுக்குரிய ஏடுகள். எழுத்துப் பட ஏடு வாங்குமுன் ஒரு சோதனை செய்க. சொல்லை மறைத்துப் படத்தை மட்டும் குழந்தைக்குக் காட்டுக. ஔகாரத்திற்கு 'ஔடதம்' என்றெழுதி ஒரு குப்பியை வரைந்திருப்பர். குழந்தை அதனை 'மருந்து' என்றே சொல்லும். பிழை யாருடையது? ஏட்டினுடையது. ஈகாரத்திற்கு ஈயே முன்னிற்க, ஈட்டியைத் தேடிப் போவானேன்? பத்துப் படங்களுள் எட்டையேனும் குழந்தை தானே பெயர் சொல்லுமாயின் அவ்வேடு நல்லது. அடுத்து அச்சுப் பிழை நோக்குக. ஒற்று மிகுமிடத்து மிகாமலும், ரகர றகரம் மயங்கியும் அச்சிட்ட ஏட்டை இலவசமாகக் கொடுப்பினும் கொள்ளற்க. கதை ஏடாயின், பக்கத்திற்கு ஒரு சிறு வாக்கியமும் பெரிய படமும் உள்ளதைத் தேர்க. 1957-இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட், 1996-இற் சென்னையில் தோன்றிய தூளிகா, 2004-இல் தோன்றிய பிரதம் புக்ஸ் முதலிய பதிப்பகத்தார் இத்தகைய ஏடுகளைத் தமிழிலும் வெளியிட்டுள்ளனர். பெட்டியின் ஒரு மாதத் தவணைக்கு இத்தகைய ஏடுகள் பல வாங்கலாம்.

கைபேசித் திரையைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைகட்குத் திரைமுன் அமரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியை மிகலாகாது, குறையக் குறைய நன்று என உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. திரையில் எழுத்து ஆடுகின்றது. குழந்தையின் விரலோ வாளா கிடக்கின்றது. நாம் கூறிய அளவுகோலால் அதனையும் அளந்து கொள்க.

"இவ்வளவும் செய்யத் தாய்க்கு நேரமேது?" என்பார்க்கும் விடை கூறுவோம். காலையிற் கால்மணி, மாலையிற் கால்மணி போதும். எஞ்சியவை சமையலறையிலும் கடைத்திண்ணையிலும் வேலையோடு வேலையாக நிகழ்வன. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டமும் ஆறு வயது முதலே கட்டாயக் கல்வியை வைத்தது. ஆகவே நான்கு வயதில் வாசிக்கவில்லையே என ஏங்க வேண்டா; அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வையவும் வேண்டா.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கடன்பட்டுப் பெட்டி வாங்குதலினும், இருபது குடும்பத்திற்கு ஒரு பொதுப் பெட்டி அமைத்தல் நலம். அதில் நல்ல கதை ஏடுகள் முப்பது, மரக்கட்டைகள் ஒரு தொகுதி, உப்புத்தாள் எழுத்துக்கள், இணைச்சொல் அட்டைகள், பல்லாங்குழி ஒன்று இருக்கட்டும். வாரந்தோறும் இம்மண்டபத்தில் மாற்றிக் கொள்ளலாம். எழுத்துக்களை வெட்டவும் அட்டைகளைப் பிழை திருத்தவும் யாம் ஞாயிறுதோறும் வரச் சித்தமாயுள்ளோம். மேல்வகுப்பு மாணவ மாணவியர் துணை செய்வர். இப்பெட்டி நம்மவர்க்கு மட்டுமென அடைத்து வையாது, தெருவிலுள்ள எல்லாக் குழந்தைகட்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதும் எம் கருத்து. குழந்தை விளையாடத் துணையைத் தேடும்போது குலம் கேட்பதில்லை.

தாய்மார்களே! எட்டாம் வகுப்பு வரை படித்தோம் என்று நாணற்க. நீங்கள் பேசும் தமிழும், அளக்கும் படியும், இடும் கோலமும், சொல்லும் கதையும் எப்பெட்டியிலும் அடங்காத கருவிகள். அவற்றை முதலில் எடுத்தாளுங்கள். குறைவதை மட்டும் கடையில் வாங்குங்கள்.  நம் குழந்தைகள் அச்சமின்றிக் கற்று மேம்படுவார்களாக!