அக்கியும் தைமஸும்

(திருவண்ணாமலையில் நடந்த ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது தைமஸ் சுரப்பிக்கு நான் ஐந்து நிமிடம்கூடக் கொடுத்ததில்லை. தைராய்டு, கணையம் என்று தேர்வில் கேள்வி வரும் இடங்களிலேயே நேரம் போய்விடும். சென்ற ஆண்டு என் அம்மாவின் உடம்புதான் அந்தப் பாடத்தை எனக்கு மறுபடி நடத்தியது.

அம்மாவுக்கு 71 வயது. பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். 14 கிலோமீட்டரும் நடந்து வந்த மறுநாள் வலது விலாவில் எரிகிறது என்றார். நடந்த அலுப்பு என்று நான் தைலம் தேய்த்துவிட்டேன். இரண்டு நாளில் ஒரு பக்கமாகப் பட்டைபோலக் கொப்புளங்கள். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இது அக்கி. பானை செய்யறவர்கிட்ட போய் எழுதிக்கிட்டு வாங்க" என்றார். போனோம். அவர் காவியைக் குழைத்து, கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைந்தார். மூன்று நாள் எழுத வேண்டும் என்றார். அறிவியல் ஆசிரியை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவரிடம் போனபோது ஏழு நாள் ஆகிவிட்டது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். இன்று கொப்புளம் இல்லை. எரிச்சல் எட்டு மாதமாக இருக்கிறது. ரவிக்கை உரசினாலே துடிக்கிறார்.

அக்கி வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். அதற்குக் காவல் டி செல்கள். அந்தக் காவலர்கள் பயிற்சி பெறும் இடம்தான் தைமஸ். நம் வகுப்புப் பிள்ளைகளின் பருவ வயதில் பாலின ஹார்மோன்கள் பெருகியதும் அது வேகமாகச் சுருங்கிக் கொழுப்பாக மாறத் தொடங்குகிறது. விதை நீக்கிய முயல்களில் தைமஸ் பெரிதாகவே இருந்ததை கால்சோலாரி என்பவர் 1898லேயே எழுதினார். அதற்குப் பிறகு புதுக் காவலர்கள் வரத்துக் குறைவு. பழைய ஆட்களை வைத்தே உடம்பு காலம் தள்ளுகிறது.

முதுமையில் இன்னொரு மாற்றம். அட்ரினல் சுரக்கும் டிஹெச்இஏ என்னும் ஹார்மோன் இருபதுகளில் உச்சத்தில் இருக்கும். எழுபதுகளில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவது அரிது. நோய் எதிர்ப்பை அடக்கும் கார்டிசோல் அப்படிக் குறைவதில்லை. தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. பெண்களுக்கு 45, 50 வயதில் மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடம்பில் ஓயாத மெல்லிய அழற்சி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்கு, எனக்கும் சேர்த்து, இது அடுத்த வீட்டுக் கதை அல்ல.

அப்படியானால் ஹார்மோன் மாத்திரை போடலாமா என்று தேநீர் இடைவேளையில் ஒரு டீச்சர் கேட்டார். வேண்டாம். நோய் எதிர்ப்புக்கென்று அதை மருத்துவர்கள் எழுதித் தருவதில்லை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கான அக்கித் தடுப்பூசி 2023 முதல் நம் நாட்டில் கிடைக்கிறது. விலைதான் நம் சம்பளத்துக்கே யோசிக்க வைக்கிறது. கூலி வேலை செய்யும் பெற்றோரிடம் அதை எப்படிச் சொல்ல? 72 மணி நேரக் கணக்கைச் சொல்லலாம். அதற்குக் காசு வேண்டாம்.

இந்த ஆண்டு தைமஸுக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்கினேன். அம்மாவின் கதையையும் சொன்னேன். மணி அடித்த பிறகு ஒரு மாணவி மேசையருகே வந்து, "மிஸ், எங்க ஆயாவுக்கு நேத்திலிருந்து முதுகுல அப்படித்தான் இருக்கு" என்றாள். அவள் அப்பாவுக்கு உடனே போன் செய்தோம்.