அப்பாவின் அடுப்பு ஆராய்ச்சி

(‘சமையலில் விஞ்சி நிற்பது விறகடுப்பின் ருசியா, எரிவாயு அடுப்பின் நிம்மதியா?’ ஏலாக்குறிச்சி பட்டிமன்றத்தில் ‘நிம்மதியே’ அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து இப்பவே நாக்கில் எச்சில் ஊறிக்கொண்டிருக்கும் ருசி அணி நண்பர்களே, கொள்ளிடக் காற்று வாங்க வந்த இடத்தில் எங்களிடம் மாட்டிக்கொண்ட ஏலாக்குறிச்சிப் பெருமக்களே!

எதிரணித் தலைவர் பேசும்போது, “விறகடுப்பில் வச்ச மீன்குழம்பு, மறுநாள் காலையில...” என்று சொல்லி நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். நான்கூட ஒரு நிமிஷம் அணி மாறிடலாமான்னு பார்த்தேன். (சிரிப்பு) ஐயா, நீங்க கண்ணை மூடினது ருசியில. எங்க அம்மா கண்ணை மூடினது புகையில. நான் அதைப் பேசத்தான் வந்திருக்கேன்.

இந்த ஊருக்கு வந்துவிட்டு வீரமாமுனிவரைச் சொல்லாமல் போனால் தமிழ் வாத்தியாருக்குச் சோறு கிடைக்காது. இத்தாலியில் பிறந்து, இங்கே வந்து தங்கிப் பணி செய்து, தமிழுக்குச் சதுரகராதி தந்த மனிதர். அவருடைய பரமார்த்த குரு கதையில் குருவும் சீடர்களும் ஆற்றங்கரைக்கு வருவார்கள். ஆறு தூங்குதா, விழிச்சிருக்கான்னு பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணியில் வைப்பான். ‘சுர்’ருன்னு சத்தம் வரும். ஐயையோ, ஆறு முழிச்சிருக்குன்னு ஓடிவந்துடுவான். அடுத்த தடவை அதே கட்டையை, அணைஞ்சு நனைஞ்ச கட்டையை வைப்பான். சத்தமே இல்லை. ஆறு தூங்கிடுச்சுன்னு சந்தோஷமாக் கடப்பாங்க. நெருப்பை வைத்து ஆராய்ச்சி செய்த அந்தச் சீடர் பரம்பரை இன்னும் அற்றுப் போகவில்லை. எங்க அப்பா இருந்தார். (பலத்த சிரிப்பு)

செந்துறைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. மண்ணடுப்பு, பக்கத்தில் ஒரு கொடியடுப்பு. முந்திரி விறகு கிடைத்தால் ராஜயோகம். கிடைக்காவிட்டால் பருத்திமார். பருத்திமார் குபீர்னு எரியும், அடுத்த நிமிஷம் ஆளையே காணோம். தேர்தல் வாக்குறுதி மாதிரி. மழைக்காலத்தில் ஈர விறகு. சோறு வேக நேரமாகும். அப்பாவின் தீர்ப்பு ஒண்ணுதான்: “அடுப்புக்குப் பவர் பத்தலை.”

ஒருநாள் அரியலூர் போய் சிமெண்ட் ஆலை பார்த்துவிட்டு வந்தார். அங்கே சூளையில் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரி வரைக்கும் சூடாக்குகிறார்கள். அன்றைக்கு ராத்திரி வீடே கிடுகிடுத்தது. “அங்க கல்லே வேகுது. இங்க துவரம்பருப்பு வேகலை!” (கைதட்டல்)

மறுநாள் ஆராய்ச்சி ஆரம்பம். முதலில் ஊதாங்குழல். ஒரு முழக் குழல் ஊதினால் இவ்வளவு நெருப்பு. அப்போ ஆறடிக் குழாய் ஊதினால்? கணக்கு சரிதானே! பழைய கைப்பம்பின் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அடுப்பங்கரைக்கு வெளியே நின்று ஊதணும். இந்த முனையில் ஊதின மூச்சு அந்த முனைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அம்மாவுக்குத் தலை சுத்திடுச்சு.

இரண்டாவது, சைக்கிள் பம்பு. அதை அடிக்கிற பதவி எனக்கு. நானும் உற்சாகமா நாலு அடி அடிச்சேன். நெருப்பு வரவில்லை, அடுப்புச் சாம்பல் மொத்தமும் எழுந்து ரசத்தில் இறங்கிவிட்டது. அப்பா குடித்துப் பார்த்துவிட்டு, “மிளகு தூக்கலா இருக்கு” என்றார். (சிரிப்பு)

மூன்றாவது, கொல்லுப் பட்டறையிலிருந்து கையால் சுற்றுகிற ஊதுலையை இரவல் வாங்கி வந்தார். இது மட்டும் வேலை செய்தது, நடுவர் அவர்களே. அடுப்பு கரியெல்லாம் வெள்ளையாகத் தகதகத்தது. ஆனால் மேலே இருந்தது அலுமினியப் பாத்திரம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பட்டறைக்காரர் இரும்பையே இளக வைக்கிற காற்று அது. பாத்திரத்தின் அடி தனியாக, பருப்பு தனியாக, நாங்கள் தனியாக நின்றோம்.

இப்போ ஒரு விஷயம் சொல்லணும். சாதாரண அடுப்பில் விறகின் சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி? சுவருக்கு, கூரைக்கு, எங்க அம்மா முகத்துக்கு. இந்தக் கவலை நமக்கு மட்டும் இல்லை. வீரமாமுனிவர் மறைந்தது 1747-ல். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1744-ல், அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் குளிர்காயும் அடுப்பைத் திருத்தி அமைத்து ஒரு சிறு புத்தகமே போட்டார். காப்புரிமை தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டார். பெரிய மனசு. ஆனால் அவர் அடுப்பிலும் புகை ஒழுங்காக வெளியேறவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் புகைபோக்கியைத் திருத்தினார்கள். பிராங்க்ளினுக்கே அப்படின்னா எங்க அப்பா எம்மாத்திரம்!

1980-களின் நடுவில் நாடு முழுக்கப் புகையில்லா அடுப்புத் திட்டம் வந்தது. எங்கள் வீட்டிலும் கட்டினார்கள். மூடிய அடுப்பு, கூரைக்கு மேலே ஒரு குழாய். பத்து நாள் அம்மா இருமவில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சமைத்தார்கள். அதற்கு முன்னால் அம்மாவுக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள் அப்பா அண்ணாந்து பார்த்தார். குழாயில் கை வைத்தார். சுட்டது. “அடிப்பாவி, நம்ம சூடெல்லாம் மேல போகுது! பவர் எப்படி நிக்கும்?” ஏறினார், சாக்கை நனைத்துக் குழாய் வாயைக் கட்டினார். (சிரிப்பு) சூடான காற்று மேலே போனால்தான் கீழே புதுக்காற்று உள்ளே வரும். காற்று வந்தால்தான் நெருப்பு எரியும். அது அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். சொல்லவில்லை. அப்பாவிடம் யார் சொல்வது? சாக்கு அவிழ்க்கப்படவே இல்லை. அம்மா பாடவும் இல்லை.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாட்டு ஒன்று உண்டு, 167-வது. எதிரணியினர் அதைத் தொடுவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன், நல்லவேளை, மறந்துவிட்டார்கள். புது மனைவி தயிர் பிசைந்து புளிக்குழம்பு வைக்கிறாள். தாளிக்கிற புகை அவள் கண்ணில் நிறைகிறது. கணவன் சாப்பிட்டு, நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. வகுப்பில் முப்பது வருஷமாக அந்த மலர்ச்சியைத்தான் நடத்தினேன். அவள் கண்ணைப் பற்றி ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, அவன் குழம்பைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தானா?” எனக்குப் பதில் வரவில்லை.

நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போனேன். நெஞ்சுப்படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், “பீடி, சுருட்டு, புகை பிடிக்கிற பழக்கம் உண்டா?” அம்மா சொன்னாங்க: “நான் அதைப் பிடிக்கலீங்க. அதுதான் என்னைப் பிடிச்சுக்கிச்சு.”

(அரங்கில் அமைதி)

2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் சூழ்கிற புகையால் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. மீன்குழம்பு ருசிதான், ஐயா. நான் மறுக்கவில்லை. சிலிண்டர் விலை ஏறினால் இன்றைக்கும் நம்ம ஊரில் பல வீடுகளில் மறுபடி விறகு எரிகிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் விறகடுப்பு ருசி என்று சொல்கிற ஆண்பிள்ளைகள் ஒரே ஒரு மழைநாளில், ஈர விறகோடு, பத்துப் பேருக்குச் சமைத்துவிட்டு வந்து சொல்லட்டும். நான் மேடையிலேயே தோல்வியை எழுதிக் கொடுக்கிறேன். (கைதட்டல்)

கடைசியில் பதிவு செய்து, காத்திருந்து, கேஸ் வந்தது. முதல் நாள். நான் பற்ற வைத்துக் காட்டினேன். நீலமாக எரிந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் பழக்கதோஷம், குனிந்து ‘உஃப்’னு ஒரு ஊது ஊதினாங்க. அணைந்துவிட்டது!

வாசலில் இருந்த அப்பா பதறி எழுந்து வந்தார். எனக்குத் தெரிந்து அவர் அடுப்பங்கரை வாசப்படியைத் தாண்டியது அன்றைக்குத்தான். திருகை மூடினார், ஜன்னலைத் திறந்தார். திரும்பிப் பார்த்தார். சுவரெல்லாம் கரி, கூரையெல்லாம் கரி. ரொம்ப நேரம் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வெளியே போனவர் ஒரு வாளி சுண்ணாம்போடு வந்தார்.