அரசியலமைப்பைக் கற்போம், அதற்கோர் ஆசானைத் தேடுவோம்!

(மட்டக்களப்பு படுவான்கரையில் விவசாயிகளும் ஆசிரியர்களும் சட்ட மாணவர்களும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



"சட்டம் பயிலும் எங்கள் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புச் சட்டம் விளங்கவில்லை, சொல்லித்தர ஆளில்லை, வழி சொல்லுங்கள்" என்று இவ்வூர்ப் பெரியவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கேட்ட மாத்திரத்தில் இது பரீட்சை எழுதும் பத்துப் பேரின் கவலை என்று தோன்றலாம். அவ்வாறன்று. வயல் செய்பவனும் பட்டி வளர்ப்பவனும் வாவியில் வலை வீசுபவனும் கவலைப்படவேண்டிய காரியம் இது. ஏன் என்பதை முதலிற் கூறி, பின்னர் ஆசானைத் தேடும் வழிக்கு வருகின்றேன்.

உரிமையும் தவணையும்

பெரும்போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது. குளத்து நீர் எந்நாளில் திறக்கப்படும், எவ்வட்டைக்கு எப்பொழுது பாயும் என்று அங்கே தீர்மானிக்கப்படுகின்றது. வட்டவிதானை தம் விருப்பப்படி மடையைத் திறக்க முடியாது; அவரும் அத்தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவரே. நாட்டுக்கு அரசியலமைப்பு எதுவோ, வட்டைக்கு அக்கூட்டத் தீர்மானம் அது. ஆளுவோர் எந்த மடையைத் திறக்கலாம், எதனைத் தொடக்கூடாது என்பதை வகுத்துச் சொல்வதே அரசியலமைப்பு.

அது நமக்குத் தந்துள்ள உரிமைகளுக்குத் தவணையும் உண்டு. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 126ஆம் உறுப்புரையைப் பாருங்கள். நிருவாக அதிகாரிகளின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டவன் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செல்ல வேண்டும். இன மொழி காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்று 12ஆம் உறுப்புரை உரைக்கின்றது. அந்த உறுப்புரை உண்டென்று அறியாமல், பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் அலைந்து, அரசியல்வாதியின் வாசலிற் காத்து நின்று, மூன்று மாதங் கழித்துச் சட்டத்தரணியிடம் வருகின்றவர்கள் எத்தனை பேர்!

இதனினுங் கடுமையான தவணை ஒன்றுண்டு. பாராளுமன்றத்தில் வருகின்ற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதென்று எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்கின்றது 121ஆம் உறுப்புரை. அதற்குரிய காலம், சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்ற நாளிலிருந்து தொடங்கும் மிகக் குறுகிய தவணை. சபாநாயகர் தம் சான்றுரையை எழுதிச் சட்டமாக்கிய பின்னர், அது செல்லாதென்று எந்த நீதிமன்றத்திலும் வாதிக்க முடியாதபடி 80ஆம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவு கதவை அடைத்துவிடுகின்றது. இந்தியாவிலே சட்டம் நிறைவேறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அதனை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். நமக்கோ அக்குறுகிய தவணை மட்டுமே! அத்தவணைக்குள் சட்டமூலத்தைப் படித்து, பிழையைக் கண்டு, மனு எழுதக்கூடியவர்கள் வாவியின் இக்கரையில் எத்தனை பேர் இருக்கின்றனர்? இக்கேள்விக்கு விடை தேடவே கூடியிருக்கின்றோம்.

தானே படித்தாற் போதாதா?

அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி பாராளுமன்றத்தின் இணையத்தளத்திற் கிடைக்கின்றது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் இணையத்தில் வெளிவருகின்றன. அவ்வாறாயின் ஆசான் எதற்கு என்று கேட்கலாம். மூன்று வழக்குகளைக் கூறுகின்றேன். விடையை நீங்களே உணர்வீர்கள்.

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தவர்க்கு மட்டும் சுமையையோ சலுகையையோ ஏற்படுத்தும் சட்டம் செல்லாதென்று கூறியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் மலையகத் தமிழர் வாக்குரிமையை இழந்தபோது, கோடக்கன்பிள்ளை வழக்கு 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. வழக்குத் தோற்றது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. யார் தன் பிரசை என்று வரையறுப்பது ஒரு நாட்டுக்கு இயல்பானதே என்று நீதியரசர்கள் கருதினர். 29ஆம் பிரிவை மட்டும் படிப்பவன் நாம் வென்றிருக்க வேண்டுமென்பான். சட்டத்தின் சொல்லுக்கும் அதன் விளைவுக்கும் இடையே நீதிமன்றம் எங்கே கோடு கிழித்தது என்பதை ஆசானே காட்டுவான்.

அடுத்தது 1964ஆம் ஆண்டின் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கு. 29ஆம் பிரிவின் சிறுபான்மைக் காப்பீடுகள் பிரசைகளிடையே ஏற்பட்ட, மாற்றவொண்ணாத உடன்பாடு என்னும் கருத்து அத்தீர்ப்பில் வருகின்றது. நம் மேடைகளில் இதனை முழங்காதவர் இல்லை. ஆனால் அவ்வழக்கு எதனைப் பற்றியது? இலஞ்ச நியாய சபை உறுப்பினர் நியமனத்தைப் பற்றியது. நீதிமன்றம் தீர்த்த வினா ஒன்று. போகிற போக்கிற் கூறிய கருத்து வேறொன்று. முன்னையது பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும், பின்னையது கட்டுப்படுத்தாது. இவ்வேறுபாட்டை அறியாது நீதிமன்றத்தில் எழுந்து நிற்பவன் முதற் கேள்வியிலேயே உட்கார வேண்டியதுதான்.

மூன்றாவது கோடீஸ்வரன் வழக்கு. சிங்களப் பரீட்சையில் தேறாமையால் 1962இல் சம்பள உயர்வை இழந்த அரச எழுதுவினைஞர் அவர். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது; தனிச்சிங்களச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானதென்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாதென்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. மொழி வினாவைத் தொடவேயில்லை. 1969 டிசம்பரில் கோமறைக் கழகம், வழக்காடலாம் என்று தீர்த்து, அரசியலமைப்பு வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. அவ்வினா இறுதிவரை தீர்க்கப்படவில்லை. 1971இல் கோமறைக் கழக மேன்முறையீடு ஒழிந்தது. 1972இன் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே மறைந்தது. "கோடீஸ்வரன் வென்றார்" என்பாரும் உளர். "தோற்றார்" என்பாரும் உளர். எந்த நீதிமன்றத்தில், எந்த வினாவில் என்று கேட்கப் பழக்குபவனே ஆசான்.

எத்தகைய ஆசான்?

குறிப்புகளை அச்சிட்டுக் கொடுத்து மனனஞ் செய்யச் சொல்பவர் பரீட்சைக்கு உதவலாம்; வழக்குக்கு உதவார். நல்ல ஆசான் விடையைச் சொல்லுமுன் வினாவைக் கேட்பான். வழக்கில் நடந்தது என்ன? நீதிமன்றத்தின் முன் இருந்த வினா எது? எந்த உறுப்புரை? என்ன முடிவு? அதற்குக் காரணம் யாது? எதனைத் தீர்க்காமல் விட்டது? இன்றும் அத்தீர்ப்பு நிற்கின்றதா? இவ்வேழு வினாக்களுக்கும் மாணவன் தன் கையால் விடை எழுதிக்கொண்டு வரவேண்டும். வெறுங்கையோடு வருபவனுக்கு ஆசான் வாயால் ஊட்ட முடியாது.

ஆசானுக்கு மொழிகளும் வேண்டும். தீர்ப்புகளிற் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கின்றது. சட்டத்தின் சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு நேர்ந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்பது 23ஆம் உறுப்புரை. ஆதலால் தமிழிற் கற்று, ஆங்கிலத்தில் தீர்ப்பைப் படித்து, சிங்கள உரையோடு ஒப்புநோக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான விதிகள் 2020ஆம் ஆண்டின் இறுதியில் வர்த்தமானியில் வந்தன. 2023இல் பாராளுமன்றம் அவற்றை நிராகரித்தது. தாய்மொழியிற் பரீட்சை எழுதும் உரிமை காக்கப்பட வேண்டியதே. ஆயினும் அவ்வுரிமையை ஆங்கிலம் கல்லாமைக்குச் சாட்டாக்கிக் கொள்ளலாகாது.

ஆசான் எக்கட்சியினன் என்று பாராதீர்கள். நம் கட்சிக்கு உவப்பான தீர்ப்பை மட்டும் கற்பிப்பவன் நம்மை ஏமாற்றுகின்றான். சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்ததை மகிழ்ச்சியோடு படிக்கின்றோம். அதே கருத்தோடு, நமக்குக் கசப்பான 2013ஆம் ஆண்டின் அரச காணித் தீர்ப்பையும் படித்தாக வேண்டும். அதற்கு வருகின்றேன்.

காணியும் மேய்ச்சற்றரையும்

1987இன் 13ஆம் திருத்தம் காணியை மாகாண சபைப் பட்டியலில் வைத்தது என்று நாம் பேசி வருகின்றோம். பட்டியலோடு நின்றுவிடாமல் அதன் இரண்டாம் பின்னிணைப்பையும் படியுங்கள். அரச காணி குடியரசுக்கே உரியது. மாகாணங்களுக்கிடையிலான நீர்ப்பாசன, காணி அபிவிருத்தித் திட்டங்கள் மத்திய அரசின் பொறுப்பு என்று அங்கே எழுதியிருக்கின்றது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைக்காக நம் பட்டிக்காரர் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் அமர்ந்து போராடத் தொடங்கினரே, அந்நிலத்தின் மேல் மகாவலி அதிகார சபை எவ்வாறு வந்தது என்பதற்கு விடை தேடுவோர் அந்தப் பின்னிணைப்பைப் படியாமல் முன்செல்ல முடியாது.

அரச காணியிலிருந்து வெளியேறுமாறு ஒரு விவசாயிக்கு அறிவித்தல் வருகின்றது என்று கொள்ளுங்கள். 154பீ உறுப்புரையின்படி மாகாண மேல் நீதிமன்றத்துக்கு எழுத்தாணை வழங்கும் அதிகாரம் உண்டு. மட்டக்களப்பிலேயே வழக்கிடலாம் என்று எண்ணுவோம். அவ்வதிகாரம் மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயங்களுக்கே உரியது. அரச காணியிலிருந்து வெளியேற்றும் விடயம் அப்பட்டியலுள் அடங்காது. மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதில் அதிகாரம் இல்லை என்று 2013 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பை நாம் ஏற்காமல் இருக்கலாம்; அது தவறென்று வாதிடலாம். ஆனால் அதனை அறியாமல் வழக்கிட்டால் விவசாயியின் பணமும் காலமும் வீணாகும். அதற்குள் காணியும் போய்விடும்.

இன்னொன்று. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. எழுத்தில் உள்ள அதிகாரமும் செயலில் இல்லாது போகலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

செய்ய வேண்டியது

ஆகையால் நான் வேண்டுவது இது. வாரத்தில் ஒரு மாலை, இவ்வாசிகசாலையில், பத்துப் பதினைந்து பேர் அமர்ந்து கற்கும் வகுப்பொன்று தொடங்கட்டும். மட்டக்களப்பு நகரில் தொழில் புரியும் சட்டத்தரணிகள் முறைவைத்து மாதம் ஒரு மாலையைத் தரட்டும். எழுவான்கரையிலிருந்து இக்கரைக்கு வர முன்னர் ஓடத்துக்குக் காத்திருந்தோம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் அச்சாட்டும் இல்லை. தொலைவில் உள்ள விரிவுரையாளரை இணையவழி அழைக்கலாம். இலவசம் என்று ஆசானின் உழைப்பை மதியாமல் விடாதீர்கள். போக்குவரவுச் செலவையேனும் ஊர் ஏற்க வேண்டும். இயன்ற போடிமார் நூல் வாங்கித் தரட்டும்.

மாணவர்களே! ஆசானிடம் "அரசியலமைப்பு விளங்கவில்லை" என்று போய் நிற்காதீர்கள். எந்த உறுப்புரை, எந்த வரி, எந்தத் தீர்ப்பு விளங்கவில்லை என்று எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

விவசாயிகளே! உங்கள் அனுமதிப்பத்திரம், அறிவித்தற் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். கேட்ட கடிதத்தைக் கந்தோர் தராவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதித் தருவதே மாணவர்க்கு முதற் பயிற்சியாகட்டும். உங்களுக்கு உதவியும் கிடைக்கும். அவர்களுக்குக் கல்வியும் கிடைக்கும்.

பேச்சாளர்கள் நமக்குக் குறைவில்லை. உறுப்புரையைக் காட்டி, தவணைக்குள் மனுவெழுதி, நீதிபதியின் கேள்விக்கு விடைகூறும் ஆற்றலுடையவரே குறைவு. அத்தகையோர் பத்துப் பேரை ஐந்தாண்டில் இக்கரை உருவாக்குமாயின், அடுத்த சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும் நாளில் நாம் விழித்திருப்போம். இன்றே பெயர்களைப் பதிவு செய்யுங்கள். முதல் மாதத்து மாலையை நானே ஏற்றுக்கொள்கின்றேன்.