குழந்தையின் பிறந்த நாளும் குடும்பத்தின் கையிருப்பும்



குழந்தை இறைவன் அளித்த செல்வம். அச்செல்வம் பிறந்த நாளைக் கொண்டாட வேண்டாம் என்று எவரும் கூறார். எவ்வாறு கொண்டாடுவது, யாருடைய பணத்தில் கொண்டாடுவது என்பதே புக்கிட் காத்தில் வட்டாரக் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வியாகும்.

தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்குப் பிறந்த நாள் என்பது ஜென்ம நட்சத்திர நாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுச் சட்டை அணிவித்து, தோட்டத்துக் கோயிலில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வர். வீட்டில் பாயசம், அண்டை வீட்டுக்கு ஒரு கிண்ணம். பால்மரம் வெட்டியவர் கையில் மிஞ்சியது அவ்வளவே என்பதும் உண்மை. அதனைப் பெருந்தவம் போலப் புகழ வேண்டியதில்லை. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்து, பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்றனர். வருமானம் உயர்ந்தது, செலவு அதனினும் விரைந்து உயர்ந்தது.

இன்று ஓராண்டு நிறைவுக்கே மண்டபம், மூன்றடுக்குக் கேக், பலூன் வளைவு, புகைப்படக்காரர், வரும் பிள்ளைகளுக்கெல்லாம் பரிசுப் பை. விழா நாயகனான குழந்தையோ ஒலிபெருக்கியின் சத்தத்தில் அழுது அழுது, கேக் வெட்டும் முன்பே உறங்கிவிடுகிறது!

ஒரு கணக்குப் பார்க்கலாம். 150 பேருக்குத் தலைக்கு 15 ரிங்கிட் சாப்பாடு என்றால் 2,250 ரிங்கிட். இந்நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மண்டப வாடகையும் கேக்கின் விலையும் சேரும் முன்பே, அச்சம்பளம் பெறும் ஒருவரின் ஒரு மாத உழைப்பு கரைந்து விடுகிறது. கையிருப்பில் இருந்து செலவிட்டால் அது பெற்றோரின் விருப்பம். தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனாலோ, ஆலோங்கிடம் கை நீட்டினாலோ, கடனைச் சுமப்பது அக்குழந்தையும்தான். பள்ளி திறக்கும் வேளையில் சப்பாத்துக்குப் பணம் இல்லை என்ற பதிலைக் கேட்கப் போவது வேறு யார்?

“ஊர் என்ன சொல்லும்?” என்பதே இதற்கெல்லாம் வேர். சென்ற ஆண்டு அவர் வீட்டு விழாவில் உண்டோம். இவ்வாண்டு அழைக்காவிட்டால் மனக்குறை வரும் என்று தாய் அஞ்சுகிறாள். அந்த அச்சத்தைக் கேலி செய்வது எளிது. உறவை நம்பி வாழ்ந்த சமூகத்தில் அது பொய்யான அச்சமும் அன்று. ஆயினும் அழைத்தவர்களுள் பலர், அடுத்த ஆண்டு இதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டுமே என்ற கவலையோடுதான் வீடு திரும்புகின்றனர். ஒரு வீட்டார் துணிந்து சுருக்கினால், மற்ற வீட்டாருக்கும் அது விடுதலையாகும்.

இனி உணவு. மலேசியாவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17,000 டன் உணவு குப்பையாகிறது, அதில் ஏறக்குறைய 4,000 டன் இன்னும் உண்ணத்தக்கது என்று திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகக் கழகம் கணக்கிட்டிருக்கிறது. மலாக்காவின் குப்பை சுங்கை ஊடாங் குப்பை நிலத்திற்குச் செல்கிறது. மண்ணில் புதையும் சோறும் கறியும் காற்றின்றி அழுகி, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன.

விருந்தில் உணவு வீணாகும் விதம் எவரும் அறிந்ததே. எத்தனை பேர் வருவர் என்று உறுதி செய்யாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஐம்பது பேருக்குக் கூடுதலாகச் சொல்லிவிடுவர். பிள்ளைகள் முதலில் கேக்கும் இனிப்பும் தின்று வயிற்றை நிரப்பிக் கொள்வர். பிறகு பெரியவர்கள் அவர்கள் தட்டில் பீஹூனையும் கோழிப் பிரட்டலையும் குவிப்பர். உணவை முதலில் கொடுத்துக் கேக்கைப் பின்னர் வெட்டினாலே பாதிச் சேதம் குறையும். பரிமாறும் பொறுப்பைத் தாய்மாமனும் அத்தையும் ஏற்று, கேட்டுக் கேட்டு வைத்தால் மீதியும் குறையும்.

அப்படியும் மிஞ்சுவதுண்டு. கோயம்புத்தூரில் 2014இல் பத்மநாபன் கோபாலன் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு, திருமண விருந்துகளில் மிஞ்சும் நல்ல உணவைப் பெற்றுப் பசித்தோருக்குக் கொண்டு சேர்க்கிறது. இந்நாட்டிலும், நல்லெண்ணத்தோடு பாதுகாப்பான உணவை வழங்குவோரைக் காக்க 2020ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: சமைத்த நான்கு மணி நேரத்திற்குள் உண்ணப்பட வேண்டும். ஆகவே, விழா முடிந்து பாத்திரம் கழுவும்போது யோசிப்பதில் பயனில்லை; யாருக்குக் கொடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்தல் வேண்டும்.

வள்ளலார் 1867இல் வடலூரில் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. பிள்ளையின் நட்சத்திர நாளில் கோயில் அன்னதானத்திற்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்து, அப்பிள்ளையின் கையாலேயே முதல் அகப்பையைப் பரிமாறச் செய்யும் பெற்றோர் அம்மரபில் சேர்ந்தவராவர்.

எஞ்சும் பணத்திற்கும் இடம் உண்டு. பிள்ளைகளின் மேற்கல்விக்கென 2004இல் தொடங்கப்பட்ட எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கை 20 ரிங்கிட்டிலேயே திறக்கலாம். பொம்மைக்குப் பதிலாக இக்கணக்கில் போடுங்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. பேரன் பெயரில் புத்தகம் இருக்கிறதா என்று அவர்களே அடுத்த ஆண்டு விசாரிப்பர்.